புகையைக் கண்டோம், அனலை அறியவில்லை

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:9-18, உபாகமம் 22:8



நம் சபையின் வேனில் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்து வந்தவர்கள் புதிதாக இரண்டு வட்ட மீட்டர்களைக் கண்டிருப்பீர்கள். ஒன்று டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது. மற்றொன்று இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டுவது. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, ஜெபம் பண்ணித்தானே வண்டியை எடுக்கிறோம். காணிக்கைப் பணத்தில் இந்த மீட்டர் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நின்றபடியே சொல்லிமுடிக்க என்னால் கூடவில்லை. ஏனெனில் இந்த மீட்டர்களுக்குப் பின்னால் என் தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொல்வது உண்மையாகாது.

சென்ற கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும், பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு நம் வேன் பாடாலூரிலிருந்து புறப்பட்டுத் துறையூர் வழியாகப் பச்சைமலைக்குச் சென்றது. சமதரையில் வண்டி நன்றாகவே ஓடிற்று. மலைப்பாதையின் வளைவுகள் தொடங்கியதும் இழுவை குறைந்தது. பின்னால் கரும்புகை எழும்பிற்று. ஓட்டுநர் தம்பி ஆக்சிலேட்டரை மேலும் மிதித்தார். புகை மேலும் பெருகிற்று. ஆனால் அவருக்கு முன்னிருந்த ரேடியேட்டர் வெப்ப முள் நடுவிலேயே அசையாமல் நின்றது. எப்படியோ ஏறி, எப்படியோ இறங்கி, எல்லாரும் சுகமாய் வீடு சேர்ந்தோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அடுத்த வாரமே டர்போ உடைந்துபோயிற்று.

கமிட்டி கூடினோம். செலவுத் தொகையைக் கண்டதும் எல்லார் மனமும் கசந்தது. "புகை வரும் வரைக்கும் மிதித்தால் வண்டி என்ன ஆகும்?" என்றார் ஒருவர். ஓட்டுநரை அழைத்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, வண்டி இழுக்கல. நான் மிதிக்காம விட்டிருந்தா பிள்ளைங்களோட நடுமலையில நின்னிருப்போம்." அதை ஒரு சாக்கு என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துவைக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டவன் நான்.

பத்து நாள் கழித்து மெக்கானிக் என்னைப் பட்டறைக்கு அழைத்தார். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸைக் கையில் எடுத்துக் காட்டினார். மேலே பார்த்தால் முழுமையாய் இருந்தது. அடிப்புறத்தில், விரல் நீளத்தில் ஒரு பிளவு. வண்டி நிற்கும்போது அந்தப் பிளவு மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் மட்டுமே வாய் திறக்கும். "ஓட்டுனவர் மேல தப்பு இல்லைங்க ஐயா. இதை உட்கார்ந்த இடத்துல இருந்து அவரால கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

வண்டி ஓட்டும் சகோதரர் பலர் நம் சபையில் இருக்கிறீர்கள். கல்குவாரி லாரியும், சிமெண்டு லாரியும், பள்ளி வேனும் உங்கள் பிழைப்பு. ஆகையால் மெக்கானிக் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கிலோ டீசல் முழுமையாய் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய வேண்டுமானால் அதைவிடவும் தாராளமாக வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி என்ற பொறியாளர், வீணாய் வெளியேறும் புகையின் விசையைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று கண்டு 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதுவே டர்போ. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் ஏறத்தாழ ஒரு பார். அதற்கு மேல் டர்போ எவ்வளவு சேர்த்துத் தருகிறது என்பதையே பூஸ்ட் மீட்டர் காட்டுகிறது.

ஹோஸ் கிழிந்தால் இந்தக் காற்று வழியிலேயே கசிந்துவிடும். டீசலோ குறையாமல் போய்க்கொண்டிருக்கும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகும். எரிதல் நீண்டு, வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். பெட்ரோல் இன்ஜினில் டீசலுக்கு மாறாக, எரிபொருள் குறைந்தால் சூடு கூடுவது உண்டு. டீசல் இன்ஜினில் எரிபொருள் கூடக் கூடத்தான் சூடு கூடும். இழுவை போதவில்லை என்று ஓட்டுநர் மேலும் மிதிப்பார். அது சூட்டை மேலும் ஏற்றும். கசிவை ஈடுசெய்ய டர்போவும் தன் அளவுக்கு மிஞ்சிச் சுழலும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய சக்கரம் அது. அது உடைவதற்கு வேறென்ன வேண்டும்?

ரேடியேட்டர் முள் ஏன் சொல்லவில்லை? அது தண்ணீரின் வெப்பத்தை மட்டுமே அறியும். இன்ஜினைச் சுற்றியுள்ள இரும்பும் தண்ணீரும் சூடேறப் பல நிமிடம் ஆகும். எரியும் அறையிலிருந்து வெளிவரும் புகையோ சில நொடிகளில் நூறு பாகை ஏறிவிடும். சமதரையில் நிதானமாய் ஓடும்போது முந்நூறு, நானூறு பாகை செல்சியஸ் காட்டும் முள், பாரத்தோடு மலையேறும்போது அறுநூறைத் தொடும். எழுநூறுக்கு மேல் நெடுநேரம் நிற்கவிடலாகாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் எல்லை. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். ஒவ்வோர் எரிப்பும் கண நேரமே நீடிப்பதாலும், எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்வதாலும் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. அந்தக் கிருபைக்கும் ஓர் எல்லை உண்டு.

மீட்டரைப் பொருத்தியபோதும் அருகில் இருந்தேன். வெப்ப உணரியை டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் குழாயில் வைப்பது எளிது. மெக்கானிக் அதற்கு இணங்கவில்லை. டர்போவைக் கடந்த புகை நூறு பாகைக்கு மேலும் குளிர்ந்திருக்கக்கூடும். அங்கே வைத்தால் ஆறிப்போன செய்தியே கிடைக்கும் என்றார். எனவே டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே துளையிட்டார். அதற்காக டர்போவைக் கழற்றி வைத்தார். துளையிடும்போது விழும் இரும்புத் தூள் உள்ளே தங்கினால் சுழலும் சக்கரத்தைச் சிதைத்துவிடும் என்பதால், கிரீஸ் பூசிய துளைமுனையால் தூளைப் பிடித்து, பின்பு உட்புறத்தையும் சுத்தம் செய்தார்.

அந்த உணரி இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு. இரு உலோகங்கள் சேருமிடம் சூடானால் அதில் மின்விளைவு பிறக்கிறது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி தாமஸ் சீபெக் 1821இல் கண்டார். பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது: ஒரு பாகைக்கு ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு அளவே. மீட்டர் வரைக்கும் கம்பி போதவில்லை. சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டலாமே என்றேன். "அதை நடுவுல போட்டா முள் பொய் சொல்லும் ஐயா. இதுக்குன்னு உள்ள கம்பிதான் கடைசி வரைக்கும் போகணும்" என்றார். பூஸ்ட் மீட்டருக்கான குழாயை ஹோஸுக்கு அப்பால், இன்ஜினுக்குள் காற்று நுழையும் இடத்திலேயே இணைத்தார். டர்போ தருவதை அறிந்தால் போதாது; இன்ஜினை வந்து சேர்வதை அறியவேண்டும் என்பதே காரணம்.

இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அழுத்தமும் வெப்பமும் ஒன்றாய் ஏறினால் வண்டி பாரம் இழுக்கிறது என்று பொருள். சிறிய கியருக்கு மாறிக் காலைத் தளர்த்தினால் போதும். அழுத்தம் விழுந்து வெப்பம் மட்டும் ஏறினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கவேண்டும். மலையேறி நின்றதும் உடனே இன்ஜினை அணைக்கலாகாது. ஓரிரு நிமிடம் மெதுவாய் ஓடவிட்டு, முள் இறங்கியபின் அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் டர்போவின் பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிப்போகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளின்படி வரும் டீசல் வண்டிகளில் இத்தகைய உணரிகள் பலவும் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. நம்முடைய வேன் அதற்கு வெகு முந்தியது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஜெபிக்கிறவர்களுக்கு மீட்டர் எதற்கு?

உபாகமம் 22:8ஐ வாசியுங்கள். புதுவீடு கட்டுகிறவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்றும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் கர்த்தர் கட்டளையிட்டார். அந்த வீட்டிலும் ஜெபம் இருந்திருக்கும். ஆயினும் ஜெபம் இருப்பதால் சுவர் வேண்டாம் என்று நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. தேவாலயத்தின் உப்பரிகையில் நம் ஆண்டவரை நிறுத்தி, தூதர் தாங்குவார்கள், குதித்துவிடும் என்று சொன்னவன் பிசாசு. ஆண்டவர் அந்தப் பேச்சை விசுவாசம் என்று ஏற்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றே அதைத் தள்ளினார். அறியக்கூடிய ஆபத்தை அறியாமல் இருக்கத் தீர்மானித்துவிட்டு, காக்கும்படி கர்த்தரைக் கேட்பது அந்த உப்பரிகைக்கு அருகில் நிற்பதே. பிறர் பெற்ற பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு இந்த மீட்டர் கைப்பிடிச் சுவர். டர்போவைச் சீர்செய்த செலவில் இது ஒரு சிறு பங்கே என்பதையும் கணக்குக் கேட்கிறவர்கள் அறிந்துகொள்ளலாம்.

ஆனால் பணத்தையும் வண்டியையும்விட என் மனதை அதிகமாய் வருத்தியது மற்றொன்று.

சீலோவில் அன்னாள் ஜெபித்தபோது அவள் உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் கண்டு, அவள் குடித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டான். ஆலய வாசலில் உட்கார்ந்து உதடுகளைப் பார்க்க அவனுக்குத் தெரிந்தது. இருதயத்தில் எரிந்த துக்கத்தை அறிய அவன் கேட்கவில்லை. வெளியே தெரிந்தது புகை. உள்ளே இருந்தது அனல். இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை அன்னாளின் பக்கத்தில் நிறுத்தியே பிரசங்கித்தேன். கமிட்டி அறையில் நான் ஏலியாய் அமர்ந்திருந்தேன் என்பது, கிழிந்த ஹோஸைக் கண்ட பிறகே எனக்கு விளங்கிற்று. ஏலியாவது அன்னாள் பதில் சொன்னவுடன் தன் வார்த்தையை மாற்றி, சமாதானத்தோடே போ என்று அனுப்பினான். நானோ பதிலைக் கேட்டபின்பும் கையெழுத்திட்டேன்.

நம் வட்டாரத்தின் முதியவர்களுக்கு 1956 நவம்பர் 23 நினைவிருக்கும். அரியலூருக்கு அருகில் மருதையாற்று வெள்ளம் ரயில்பாலத்தின் கரையை அரித்துவிட்டிருந்தது. விடியுமுன் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த ரயிலை அவர் ஓட்டவில்லை. பாலத்தை அவர் கட்டவில்லை. ஆயினும் பொறுப்பு மேலிருந்து தொடங்கவேண்டும் என்று அவர் எண்ணினார். நம் கமிட்டியோ பொறுப்பைக் கீழே தேடிற்று. ஐந்து ஆண்டாக ஹோஸ்களை மாற்றச் சொல்லாதவர்கள் நாங்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றச் சம்மதித்தவர்கள் நாங்கள். ஆக்சிலேட்டரில் கால் வைத்தவர் ஒருவர் இருந்ததால், எங்கள் பங்கை மறந்துபோவது எளிதாயிற்று.

ஓட்டுநர் தம்பியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பிடித்த சம்பளத்தைக் கமிட்டி முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "விடுங்க ஐயா" என்றார். ஆனால் அவருடைய மனைவி ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த மாசம் பள்ளிக்கூடப் பணம் கட்ட முடியல. அதைவிட, ஐயாவே நம்பலையேன்னுதான் இவரு ரெண்டு நாள் சாப்பிடல." நான் திருப்பிக் கொடுத்ததில் அந்த இரண்டு நாள் அடங்கவில்லை. அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆகையால் நம் சபையின் காரியங்களைக் குறித்து என் கருத்தை வெளிப்படையாய்ச் சொல்லுகிறேன். நாம் ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஓடுகிறோம். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், காணிக்கை எவ்வளவு என்பவை பூஸ்ட் மீட்டரின் கணக்குகள். அவை தவறல்ல. ஆனால் அந்த ஊழியத்தைச் சுமக்கிறவர்களுக்குள்ளே எவ்வளவு அனல் எரிகிறது என்பதை அறிய நம்மிடம் ஒன்றுமில்லை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை திடீரென்று நின்றுவிட்டால், ஆர்வம் குறைந்துவிட்டது என்கிறோம். கணக்கு எழுதும் சகோதரர் கோபமாய்ப் பேசினால், குணம் சரியில்லை என்கிறோம். புகையைப் பார்த்துப் பெயரிடுகிறோம். அவருக்கு வந்துசேர வேண்டிய காற்று எங்கே கசிகிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் பிரயாசப்படுங்கள்" என்று புத்தி சொல்வதோ, கிழிந்த ஹோஸோடு மேலும் மிதிக்கச் சொல்வதுதான்.

மோசே காலை முதல் மாலை வரை நியாயம் விசாரித்ததைப் பார்த்த எத்திரோ, ஜனங்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதைக் கண்டான். அவன் அந்தக் கூட்டத்திற்கு வெப்பமானியாய் வந்தான். அவன் சொன்னதும் மோசே காலைத் தளர்த்தினான், பாரத்தைப் பகிர்ந்துகொண்டான். முள்ளைப் பார்த்தும் மிதிக்கிறவனுக்கு மீட்டரால் பயனில்லை.

இந்த மாதக் கமிட்டியில் மூன்று காரியங்களை முன்வைக்கப்போகிறேன். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் வருகைக் கணக்குக்கு அல்ல, ஊழியர் ஒவ்வொருவரையும் நேரில் விசாரிப்பதற்கு. அதுவும் மற்றவர் மூலமாக வரும் ஆறிப்போன செய்தியாக அல்ல, அவரவர் வாயிலிருந்தே. நடுவில் வேறு கம்பி வேண்டாம். இரண்டாவது, யாருடைய சம்பளத்தையும் பிடித்துவைக்குமுன் அவர் சொல்வதை எழுதிவைத்து, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது, பெரிய ஊழியம் ஒன்று முடிந்ததும் அதைச் சுமந்தவர்களுக்கு இரண்டு வாரம் வேறு பொறுப்புத் தரலாகாது. மலையேறிய இன்ஜினுக்கு நாம் கொடுக்கும் இரண்டு நிமிடத்தை மனிதருக்கும் கொடுப்போம். இவற்றை எதிர்க்கிறவர்கள் இருந்தால் கமிட்டியில் வந்து பேசுங்கள், கேட்க ஆயத்தமாயிருக்கிறேன்.

போன வாரம் மறுபடியும் பச்சைமலைக்குச் சென்றோம். ஏறும் வழியில் வெப்ப முள் அறுநூறைத் தாண்டிற்று. தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் கியரைக் குறைத்து, காலைத் தளர்த்தினார். வேன் மெதுவாய் ஏறிற்று. பின்னால் வந்த பைக்குகள் எங்களை முந்திச் சென்றன. "ஏன் அண்ணா மெதுவா போறீங்க?" என்று ஒரு சிறுவன் கேட்டான். தம்பி மீட்டரைக் காட்டி, "இது சொல்லுது, தம்பி" என்றார். நான் அருகில் அமர்ந்திருந்தேன். எனக்கும் அது சொல்லிற்று.

ஜெபம்: பரலோகப் பிதாவே, வெளியே தெரிவதைக் கொண்டு நாங்கள் தீர்த்த ஒவ்வொருவருக்காகவும் எங்களை மன்னியும். உள்ளே எரிகிறதை நீர் அறிந்திருக்கிறீர். எங்களோடு உழைக்கிறவர்களிடம் கேட்கும் மனதையும், கேட்டபின் காலைத் தளர்த்தும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். வழிநடையில் இருக்கிற எல்லா ஓட்டுநரையும் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.